யாருடைய வண்டிக்கு முதலில்?

"அந்தக் கொச்சிக்காரன் என்ட மகள்ட கலியாணத்துக்கு வரப்படாது! இப்பவே போய்ச் சொல்லிட்டு வாறேன்!"

முஹைதீன் போட்ட சத்தம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும்.

"கூப்பிட்ட வாயாலேயே வராதீங்கண்டு சொல்றதா?" என்று மனைவி ஆஸியா உம்மா இழுத்தாள். "ஞாயித்துக்கிழம றமீலாட கலியாணம். நல்ல காரியம் நடக்கிற நேரம்..."

"நேத்து அந்தாள் செஞ்ச வேல ஒனக்குத் தெரியுமா?"

நடந்தது இதுதான். வத்தேகமச் சந்தையில் மிளகு வாங்கி ஏற்றிக்கொண்டு முஹைதீன் ஒற்றை மாட்டு வண்டியில் வந்தார். ஏற்றத்தில் ஒரே மழைச் சேறு. செவலை மாடு வழுக்கி விழுந்தது. மூட்டையெல்லாம் அதன் மேல் சரிந்தது. இன்னும் சரியாமல் முஹைதீன் முதுகைக் கொடுத்து முட்டுக் கொடுத்தபடி நின்றார்.

கொஞ்சம் முன்னால் கிறகரியின் வண்டி. அவனும் மிளகு வியாபாரிதான். கழன்ற சக்கரத்தை மாட்டிவிட்டு, ரோட்டில் கிடந்த மூட்டைகளை ஏற்ற ஆளில்லாமல் நின்றான்.

அந்த நேரம் பார்த்து ஏலியா குடையோடு வந்தார். கொச்சியிலிருந்து மிளகு வாங்க வந்து இங்கேயே தங்கிவிட்ட யூதர். ஒரு வருஷமாக முஹைதீனுக்கு நெருங்கிய சிநேகிதர்.

"ஏலியா! ஓடி வாங்க!" என்று முஹைதீன் கூவினார்.

ஏலியா பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பார்த்துவிட்டு நேரே கிறகரியிடம் போய் மூட்டைக்குத் தோள் கொடுத்தார்! கடைசி மூட்டையும் ஏறிய பிறகுதான் செவலையிடம் வந்தார். அதற்குள் அதன் முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது.

"போன மழைக்கு இதே ஏத்தத்துல, தன்ட உசிர்ச் சிநேகிதன் சாஹுல் ஹமீதுட வண்டிய உட்டுட்டு என்ட வண்டிக்குத்தான் மொதல்ல ஓடி வந்தார். சிநேகிதமெண்டா இதுதான்டு ஊரெல்லாம் பெருமயடிச்சேனே! நேத்து அந்தக் கிறகரி முன்னுக்கு என்ட மூக்க அறுத்துட்டார்!"

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு முஹைதீன் கிளம்பிவிட்டார்.

ஏலியா அறையில் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தார்.

"வாங்க காக்கா," என்றார். அண்ணனைக் காக்கா என்கிற கொச்சி வழக்கம் அவரை விடவில்லை. "செவலை எப்படி? காலுக்குப் போட எண்ணெய் காய்ச்சி வச்சிருக்கேன்."

"ஒங்கட எண்ணெயும் வாணாம், நீங்களும் வாணாம்! ஞாயித்துக்கிழம எங்கட ஊட்டுக்கு வராதீங்க! வாயில்லாச் சீவன் சுமைக்குக் கீழ கிடந்து துடிக்கிது. ஒங்களுக்கு கிறகரிட மூட்டயா பெரிசு? அவன் என்ன மாமனா, மச்சானா?"

"அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்."

முஹைதீனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏலியா புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"இதுதானா தவ்றாத்?"

"நடுவில கொஞ்சமா இருக்குதே, அதுதான் வேதம். நாங்க தோரான்னு சொல்வோம். அதைச் சுத்தி நெருக்கமா இருக்கிறதெல்லாம் எங்க பெரியவங்க சொன்ன அர்த்தம். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுப்பார். சந்தை மாதிரி ஒரே சண்டை." ஏலியா ஓரிடத்தில் விரலை வைத்தார். "உன் பகையாளியோட கழுதை சுமையோட விழுந்து கிடந்தா, விட்டுட்டுப் போகாதே, அவனுக்கு உதவி செய். இது வேதம்."

"அதத்தானே நானும் கேக்குறேன்! விழுந்து கிடந்தது என்ட மாடு!"

"பெரியவங்க அதோட விடல்ல காக்கா. ஒரு பக்கம் சிநேகிதனோட மாடு சுமைக்குக் கீழ கிடக்குது. மறுபக்கம் பகையாளி சுமை ஏத்த ஆளில்லாம நிக்கிறான். யாருக்கு முதல்ல? பகையாளிக்குத்தான்னு சொல்லிட்டாங்க."

"மாடு வலியில கிடக்குதே!"

"அதையும் கேட்டிருக்காங்க. அப்படியிருந்தும் பகையாளிக்குத்தான். சிநேகிதனுக்குன்னா மனசு தானா ஓடும். பகையாளிக்குன்னா அதைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளணும். நேத்துத் தள்ளினேன். செவலையைப் பாக்கப் பாக்க, எனக்கு உயிரே போச்சு."

முஹைதீனின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கிறகரி ஒங்களுக்கு என்ன செஞ்சான்?"

"நான் மிளகில பப்பாளி விதை கலக்கிறேன்னு சந்தையெல்லாம் சொல்லிட்டுத் திரியிறான்."

இறங்கின கோபம் மறுபடி உச்சிக்கு ஏறிவிட்டது, இந்த முறை கிறகரி மேல். "நாசமாப் போறவன்! பாடுபட்டு ஏவாரம் செய்ற மனுசன்ட சோத்துல மண்ணப் போடுற பேச்சில்லியா அது! அவன்ட நாக்கு அழுகாதா? இந்தப் பொய்ய மொதல்ல எவன்..."

அந்த 'எவன்' யாரென்று அப்போதுதான் முஹைதீனுக்கு நினைவு வந்தது.

பப்பாளி விதைக் கதையைக் கட்டியவரே அவர்தான். கொச்சிக்காரர் சந்தைக்கு வந்த புதிதில், போட்டிக்கு வந்துவிட்டாரே என்ற எரிச்சலில், கிறகரியின் காதில் போட்டது. போன வருஷம் ஏலியா வண்டியைத் தூக்கிவிட்ட நாளோடு முஹைதீன் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கிறகரி விடவில்லை.

முஹைதீன் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஏலியா... போன வருஷம் சாஹுல் ஹமீத உட்டுட்டு என்ட வண்டிக்கு மொதல்ல வந்தீங்களே. அந்தப் பொய்ய யார் கட்டினதுண்டு அப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

ஏலியா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"தெரிஞ்சதாலதான் அன்னைக்கு முதல்ல உங்ககிட்ட வந்தேன். நேத்து அப்படி வரத் தேவையில்லாமப் போச்சு, காக்கா."