ரோசம்மாளின் மெழுகுக் கட்டி

"அந்த மெழுகுக் கட்டிய எங்க வெச்சீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்கய்யா" என்றாள் பாரதி, மூன்றாவது முறையாக.

"யோசிச்சுக்கிட்டேதானுங்க இருக்கறேன். கழட்டி வுட்ட செருப்பக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை நாளு ஆவுது" என்றார் சவுரியப்பன்.

கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த அவர் மனைவி ரோசம்மாளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள், இதயத்தை ஒட்டி ஒரு கட்டி. படுத்தால் மூச்சு முட்டும்.

பாரதி நிணநீர்ப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறவள். சேலத்திலிருந்து முதல் பஸ் பிடித்து அரூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் ரோசம்மாளுக்குக் கழுத்தில் நெறி கட்டியபோது ஒரு ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்துச் சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். மிச்சச் சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்கள்.

"இதுல பல வகை இருக்குங்கய்யா. ஒண்ணுக்குக் குடுக்கற மருந்து இன்னொண்ணுக்குக் கேக்காது. அந்தச் சதை கெடைச்சா வகையைக் கண்டுபிடிச்சிரலாம்."

"கெடைக்கலீன்னா?"

பாரதி குரலைத் தாழ்த்தினாள். "நெஞ்சத் தொறந்துதான் எடுக்கணும். மயக்க மருந்தை இவங்க தாங்க மாட்டாங்க."

"என்னாங்க குசுகுசுன்னு? காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் ரோசம்மாள், நடுநடுவே மூச்சை இழுத்துக்கொண்டு. "அந்தப் பொண்ணு காப்பிகூடக் குடிக்கல. சொல்லித் தொலைங்களேன்."

சவுரியப்பன் தரையைப் பார்த்தார்.

"போன ஞாயித்துக்கெழம கோயில்ல மாதா காலடியில வெச்சுட்டனுங்க. கண்ணு வலின்னா மெழுகுல கண்ணு வெக்கறாங்க, கை ஒடைஞ்சா கை வெக்கறாங்க. இதுல இவ சதையே இருக்குது. இதைவிடக் காணிக்கை ஏதுங்க?"

"சரி, அங்கதானே இருக்கும்? வாங்க, எடுத்துரலாம்."

"இன்னிக்குச் சனிக்கெழமைங்களே. கோயில்பிள்ளை ஆரோக்கியராஜ் இருக்கற மெழுகையெல்லாம் அள்ளி உருக்கி, புது மெழுகுவத்தி ஊத்தற நாளு."

பாரதி ஓடினாள். படித்து வாங்கிய பட்டங்களில் ஒன்றுகூட ஓட்டத்துக்கு உதவவில்லை. அறுபத்தெட்டு வயது சவுரியப்பன் அவளை முந்தாமல் இருக்கச் சிரமப்பட்டார்.

கோயிலுக்குப் பின்னால் அடுப்பில் அண்டா ஏறியிருந்தது. ஆரோக்கியராஜ் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார்.

"அடுப்பை அணைங்க! இதுல சின்னதா ஒரு பிளாஸ்டிக் டப்பா வந்துச்சாங்க?"

"மொத்தமா அள்ளிக் கொட்டினேம்மா. யாரு பாத்தா?"

பாரதி அண்டாவையே வெறித்தாள். சவுரியப்பன் அவள் முகத்தையே பார்த்தார்.

"போனாப் போவுது, வுடுங்க டாக்டரம்மா. வந்தீங்க, தேடினீங்க, கெடைக்கல. அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க. உங்க மேல என்ன தப்பு?"

"என்ன பேசறீங்க? மெழுகுதான் உருகும். சதை உருகாது. அடியிலதான் கெடக்கும்!"

சொல்லிக்கொண்டே அண்டாவுக்குள் கையை விட்டாள்.

"ஐயோ, கொதிக்குதும்மா!" என்று ஆரோக்கியராஜ் கத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் அடியைத் துழாவினாள்.

சவுரியப்பன் பாய்ந்து அவள் கையை வெளியே இழுத்து, பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்துக்குள் அமுக்கினார்.

"விடுங்கய்யா! இன்னும் கொஞ்சம் தேடினா..."

"தேட வேணாம்மா. அதுல இல்ல."

வேட்டி மடியை அவிழ்த்து அந்தச் சின்ன டப்பாவை எடுத்தார். மெழுகு அப்படியே இருந்தது. அவளுடைய வேகாத கையில் அதை வைத்து விரல்களை மூடினார்.

"மாதா பேர்ல பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இதைப் பாத்துட்டு 'புற்றுநோய் இல்லை'ன்னு ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டது அப்ப அந்த ஆஸ்பத்திரியில இருந்த நீங்கதானே? தப்பு வெளிய வராம இதை அழிக்கத்தான் வந்திருக்கீங்கன்னு நெனைச்சுட்டேன், தாயி."