பேச்சுக்கு நடுவே பியானோ

மானேஜர் மைக்கைப் பிடித்தார். கையில் இருந்த பேப்பரைப் பார்த்து, "இன்று பணி ஓய்வு பெறும் நம் அன்புக்குரிய…" என்று ஆரம்பித்தார்.

அவ்வளவுதான். மேடை ஓரத்தில் பியானோ முன் உட்கார்ந்திருந்த எப்சிபா, பத்து விரலையும் சேர்த்து ஓங்கி அமுக்கினாள்.

கிளப் ஹாலே அதிர்ந்தது. மானேஜர் மேற்கொண்டு சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

பாண்டீஸ்வரன் பதறி எழுந்தார். ஏலப்பாறைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலை எஸ்டேட்டில் அவர் ஆபீஸ் கிளார்க். விழா ஏற்பாடு மொத்தமும் அவர் தலையில்தான். முப்பத்தாறு வருஷம் கொழுந்து பறித்த ராமலட்சுமிக்கு இன்று வழியனுப்பு விழா.

மானேஜர் புதுசு. வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. "கிளப்ல பியானோ சும்மாதானே கிடக்கு? யாராவது வாசிச்சா விழா களைகட்டுமே" என்று ஆசைப்பட்டவர் அவர்தான். தொழிலாளர் வரிசை வீடுகளில் மூணாவது லயத்து எப்சிபா, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் பியானோ வாசிக்கிறாள். அவளையே கூப்பிட்டிருந்தார்கள்.

"ஸ்பீக்கர் செட்டு வச்சா போதும்னு சொன்னேன், கேட்டாங்களா?" என்று பாண்டீஸ்வரன் பல்லைக் கடித்தார்.

மானேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"இவர் பறித்த கொழுந்தைக் குவித்தால் இன்னொரு மலையே எழும்பும்!"

கைத்தட்டல். எப்சிபா சமர்த்தாக மெல்லிசாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிப்பட்ட நம்முடைய…"

டமார்!

பாண்டீஸ்வரன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, 'நிறுத்து நிறுத்து' என்று இரண்டு கையையும் ஆட்டினார். எப்சிபா பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

முன் வரிசையில், ராமலட்சுமியோடு கொழுந்து பறிக்கும் வனிதா, பக்கத்திலிருந்தவளின் தொடையைத் தட்டினாள். "ஏ, கோயில்ல தீபாராதனைக்கு மேளம் கொட்டுவாங்கல்ல, அது மாதிரி பெரியம்மாவுக்கு மரியாதை பண்ணுதா பாரு!"

அந்தப் பேச்சு வரிசை வரிசையாகப் பரவியது. அடுத்த 'டமாரு'க்கு ஜனம் விசிலடித்தது. அதற்கடுத்த தடவை மானேஜரே ருசி கண்டுவிட்டார். ஒரு கையைத் தூக்கிக்கொண்டு எப்சிபாவின் அடிக்காகக் காத்திருந்தார்.

மேடை நாற்காலியில் ராமலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பக்கத்து நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் சோலை, புது வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"கணவரை…" என்று மானேஜர் ஆரம்பித்தார்.

இந்த முறை ஒரு அடியோடு நிற்கவில்லை. எப்சிபா அப்படியே ஒரு குத்தாட்ட மெட்டில் இறங்கிவிட்டாள். பியானோ நாலு காலில் ஆடியது. சோலைக்கு உட்கார முடியவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். ராமலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ச்சீ, விடுங்க! சனம் பாக்குது" என்றபடியே அவரும் நாலு அடி போட்டார்.

மானேஜர் பேப்பரை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு மாலையை எடுத்தார். பேச்சு முடிந்தது. "இப்பிடி ஒரு வழியனுப்பு நம்ம எஸ்டேட்ல நடந்ததே இல்ல" என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

பாண்டீஸ்வரன் நேராகப் பியானோவுக்கு வந்தார்.

"ஏட்டி, உனக்கு மரியாதைன்னா என்னன்னு தெரியுமா? பெரிய மனுசன் பேசும்போது குறுக்கே அடிக்கே! மூணு பக்கம் பேச்சு. ஒருத்தன் காதுலயாவது முழுசா விழுந்துச்சா? எல்லாரும் உன்னையே பாக்கணும்னு ஆசை! இனி எந்த விசேஷத்துலயும் நீ இந்தப் பொட்டியத் தொடப்படாது, சொல்லிட்டேன்."

எப்சிபா பியானோ மேலிருந்து மூன்று காகிதங்களை எடுத்து நீட்டினாள்.

"எந்த இடத்துல வாசிக்கணும்னு பாத்துக்கோன்னு எனக்கும் ஒரு காப்பி தந்தீகளே மாமா. அவர் மைக்கைப் பிடிச்ச பொறவுதான் படிச்சுப் பாத்தேன். நீங்க டைப் அடிச்சதுதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"பேரைப் பாருங்க."

பாண்டீஸ்வரன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். 'நம் அன்புக்குரிய ராமுத்தாய்.' இரண்டாம் பக்கத்திலும் ராமுத்தாய். மூன்றாம் பக்கத்திலும் ராமுத்தாய்.

ராமுத்தாய் போன மாதம் ஓய்வு பெற்றவர். அப்போது அடித்த பேச்சையே, தேதியை மட்டும் மாற்றி மறுபடி பிரிண்ட் எடுத்திருந்தார் பாண்டீஸ்வரன்.

"முப்பத்தாறு வருசம் உழைச்சவுகளுக்கு, கடைசி நாள்ல தன் பேருகூட ஆபீசுக்குத் தெரியாதுன்னு தெரியணுமா மாமா?" என்றாள் எப்சிபா. "அதுகூடப் பரவாயில்ல. கடைசிப் பக்கம், நாலாவது வரி."

பாண்டீஸ்வரன் படித்தார். 'கணவரைப் பறிகொடுத்த பின்னும் கலங்காமல் உழைத்த உத்தமி.'

அவசரமாகக் காகிதங்களை மடித்தார்.

"பாண்டி!" என்று பின்னால் ஒரு குரல். சோலைதான். கையில் லட்டு, முகமெல்லாம் சிரிப்பு. "பேச்சை எழுதினது நீயாமே! மானேஜர் சொன்னாரு. 'கணவரை'ன்னு ஏதோ ஆரம்பிச்சாருய்யா. நம்மளப் பத்தித்தானே? இந்தப் புள்ள அடிச்ச அடியில காதுல விழல. அந்தப் பேப்பர்தான கையில வச்சிருக்கே? அந்த ஒரு வரிய மட்டும் சத்தமா வாசிச்சுக் காட்டேன்!"

பாண்டீஸ்வரன் மெல்ல எப்சிபா பக்கம் திரும்பினார்.

"தாயி, நீ வாசி."