போடாதவர்கள் பக்கம்

“என்ரை மகளுக்கு ஊசி போடேல்லைத்தான். அதுக்கு இப்ப என்ன?”

ஜெனாட் தொலைபேசியில் கத்தியதை நிருஷா அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். கேள்வி கேட்ட சுகாதாரத் துறைத் தாதிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்கத்தான் நிருஷாவை இணைப்பில் எடுத்திருந்தார்கள். பிள்ளையின் பெயர் அஞ்சலீனா, சின்னமுத்து என்கிற தட்டம்மை வந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்பதற்கு மேல் நிருஷாவுக்கு ஒன்றும் தெரியாது.

இந்தக் கிழமை இப்படிப் பதில் சொன்ன மூன்றாவது தகப்பன் இவன். முந்தைய இருவரும் வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி ஊசி வேண்டாம் என்றவர்கள். அவர்களோடு பேசியபோதே நிருஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளை எங்கெங்கே போனாள் என்று தாதி கேட்டாள். ஞாயிறு பூசைக்கு வில்லரேயில் உள்ள தேவாலயத்துக்குப் போனதைத் தவிர ஓரிடமும் இல்லை என்றான். சாப்பாடு எப்படி என்றதற்கு, பால் மட்டும்தான், இப்போது அதுவும் இறங்குதில்லை என்றான்.

பிள்ளையை ஊசி போடாதவர்கள் கணக்கில் பதிவுசெய்வதாகத் தாதி சொன்னதும் மறுபடியும் சீறினான்.

“அந்த ஆக்களோடை என்ரை பிள்ளையைச் சேர்க்காதேங்கோ.”

போட்டவர்கள், போடாதவர்கள் என்று இரண்டு பக்கம்தான் இருக்கிறது, வேறு வழியில்லை என்றாள் தாதி. அதைத் தமிழில் சொன்னதோடு நிருஷா நிறுத்தியிருக்க வேண்டும். சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது என்பதுதான் அவள் வேலையின் முதல் விதி. ஆனால் வாய் நிற்கவில்லை.

“பேர் மட்டும் கெடக்கூடாது, என்ன? ஒரு வயசு முடிஞ்ச உடனை காசில்லாமல் போடுற ஊசி. கூட்டிக்கொண்டு போகப் பஞ்சிப்பட்டுப்போட்டு, இப்ப எங்களோடை கத்துறியள். நீங்களெல்லாம் ஒரு தகப்பனோ?”

என்ன சொன்னாய் என்று தாதி பிரெஞ்சில் கேட்டாள். ஜெனாட்டின் பக்கம் ஏதோ இயந்திரம் விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

இந்த முறை அவன் கத்தவில்லை.

“அவளுக்கு இப்பதான் அஞ்சு மாசம், தங்கச்சி.”