டாரலுக்குக் கோணம் வராது

"ஃபைன் எழுதுறியா, இல்ல நான் கவுன்சிலுக்குப் போகட்டுமா?"

காரை நடுரோட்டிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார் ஹாலோரன் டீச்சர். இந்தக் குவீன்ஸ்லாந்து ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ரிடையராகியும் அந்த அதட்டல் மட்டும் குறையவே இல்லை.

பார்க்கிங் பார்க்கும் கெய்லீனும் அவரிடம் படித்தவள்தான். "என்ன டீச்சர்?" என்றாள், ஒன்றும் தெரியாத மாதிரி.

"அங்க பாரு."

வியாழக்கிழமை, மாட்டுச் சந்தை நாள். கடைத்தெரு முழுக்க வண்டிகள் பின்பக்கமாக ஏறி, சாய்வாக, ஒழுங்காக நின்றன. டாரலின் பிக்கப் வண்டி மட்டும் கோட்டின் மேலே கோணல்மாணலாகக் கிடந்து, இரண்டு வண்டி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

"இந்த வெள்ளைக் கோடெல்லாம் என்ன?"

"இணைகோடு, டீச்சர்."

"நடைபாதை விளிம்பு?"

"குறுக்குவெட்டி."

"அப்போ கோணம்?"

"ஒத்த கோணம். எல்லாக் கோட்டுக்கும் அதே நாற்பத்தஞ்சு டிகிரி."

"உனக்கு ஏறியிருக்கு. உன் பக்கத்து பெஞ்சுல இருந்த அந்தக் கழுதைக்கு ஏறலையே. வாராவாரம் இதே கூத்து."

பேக்கரியிலிருந்து டாரல் வந்தான். ஐம்பது வயசு, கையில் பாதி கடித்த பன்.

"ஸாரி டீச்சர். இந்தக் கோணம் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது."

"வேற என்னதான்டா உனக்கு வந்துச்சு?"

நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டாரலும் கூடவே சிரித்தபடி வண்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனான்.

காலியான இடத்தில் டீச்சர் காரைப் பின்பக்கமாக ஏற்றினார். முன்னே, பின்னே, மறுபடி முன்னே. ஒருவழியாக நின்ற கார் கோட்டின் மேலேதான் நின்றது. அதைக் கவனிக்காமல், பையை எடுத்துக்கொண்டு ஜம்மென்று கடைக்குள் போனார்.

கெய்லீன் ஃபைன் புத்தகத்தோடு டாரலைத் தேடிப் போனாள்.

"இன்னிக்கு எழுதத்தான் போறேன். மாட்டு லாரியையே மயிரிழை பிசகாம பின்னால ஏத்துறவன் நீ. இத்தனூண்டு வண்டியை நிறுத்தத் தெரியாதா?"

"தாராளமா எழுது." டாரல் குரலைத் தாழ்த்தினான். "டீச்சருக்குக் கழுத்து திரும்பலை, கெய்லீன். ஒரு வண்டி இடத்துல ஏத்த முடியாம, போன மாசம் சாமானே வாங்காம வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. அதான் அவங்க வர்ற வரைக்கும் ரெண்டு இடத்தைப் பிடிச்சு வைக்கிறேன். லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுன்னு அவங்க மக வேற ஒத்தக்கால்ல நிக்கிறா. கார் போச்சுன்னா அந்தப் பண்ணை வீட்டுல தனியா அடைஞ்சு கெடக்க வேண்டியதுதான்."

கெய்லீன் புத்தகத்தை மூடினாள். "இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஊரே உன்னை மக்குன்னு சிரிக்குது."

"எனக்குக் கணக்கு வரலைன்னு நேத்தா இன்னிக்கா சிரிக்கிறாங்க? அவங்களுக்குக் கார் ஓட்ட வரலைன்னு ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."