காலி அம்மாவின் மாடி அறை

காலி அம்மாவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் ஒரு பெண்ணின் பெட்டியை மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

எங்கள் எதிர் வீடு. படிப்பை முடித்த கையோடு வேலை தேடி இந்த ஊரில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்குத்தான் மாடி அறையை வாடகைக்கு விடுவார். யாரையும் நிலைக்க விட்டதில்லை. வேலை கிடைத்த சேதி காதில் விழுந்தால் போதும், "எப்போ காலி பண்றே?" என்பார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் காலி அம்மா.

"ஏன் ஆன்ட்டி, வேலை கிடைச்சதை உங்ககிட்டதானே முதல்ல சொன்னேன்? எங்கம்மாவுக்கே அப்புறம்தான் போன் பண்ணேன்!"

"சொன்னே. நீ குடுத்த இனிப்பையும் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆபீஸ் ரெண்டு தெரு தள்ளி. நடந்தே போயிடலாம்னு இருந்தேனே!"

"பஸ்ல போ. கால் வலிக்காது."

வாசலில் இன்னொரு பெண் தோளில் பையோடு, எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் நின்றிருந்தாள்.

"அதுக்குள்ள அடுத்த ஆளா?" என்றாள் என் மனைவி, ஜன்னலோரமாக. "வாடகையை ஏத்தியிருக்கும். இல்லேன்னா வயித்தெரிச்சல். நாலு பேர் முன்னுக்கு வந்தா அதுக்குப் பொறுக்காது."

"மெதுவாப் பேசு."

"கேக்கட்டுமே!"

பெட்டி வண்டியில் ஏறியது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினாள். "உங்க மாடிக்கு இனிமே ஒரு ஈ காக்கா வராது, பாருங்க!"

"ஈ, காக்கா எனக்கெதுக்கு? நீ பார்த்துப் போ."

அடுத்த வாரம் காலி அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். முதல் ஆளாக வந்து நின்றவள் அந்தப் பெண்தான். அவள் பின்னால் இன்னும் எத்தனையோ பேர். எல்லாரும் அந்த மாடியிலிருந்து துரத்தப்பட்டவர்கள்.

என் மனைவிக்கு வாய் சும்மா இருக்குமா? "உன்னை விரட்டின அம்மாவாச்சே, நீ ஏன்மா இப்படி அழறே?"

"வீடு தேடி அலைஞ்சேன்க்கா. எல்லா வீட்லயும் முதல் கேள்வி, 'எங்க வேலை பாக்கறே?' பதில் சொன்ன உடனே சாவியை நீட்டறாங்க." மூக்கை உறிஞ்சினாள். "நான் இந்த ஊருக்கு வந்தப்போ அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. எல்லாரும் கதவைச் சாத்திட்டாங்க. இவங்க மட்டும்தான் கேக்கவே இல்லை."

பிறகு, புதிதாக வந்த பெண்ணிடம் திரும்பினாள். "உனக்கு வேலை?"

"இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன்."

என் மனைவி அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. அவளை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது என் மனைவியும் இல்லை. எதிர் வீடு கைமாறிவிட்டது. மாடி அறையை மட்டும், அன்று முதல் ஆளாக வந்து அழுத அந்தப் பெண் தன் பெயரில் வாடகைக்கு வைத்திருக்கிறாள். அவள் அங்கே தங்குவதில்லை.

தங்கியிருக்கும் பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை.