ஓம்மாவும் அம்மாவும்

"அம்மா. சொல்லு, அம்மா."

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஞானம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். துணி காயப்போடும் இடத்தில் பத்து வயது நாரி இடுப்பில் கைவைத்து நின்றாள். எதிரே சுவரோடு சுவராக மின்சூவும் சோராவும். அவனுக்கு ஏழு, அவளுக்கு நாலு.

கொரியாவிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் குடியிருக்கும் குடும்பம். ஐயாவுக்கு கார் கம்பெனியில் வேலை. மூன்று வருஷமாகப் பிள்ளைப்பாக்கத்து ஞானம்மாதான் சமையல். இரண்டு மாதம் முன்புவரை நாரி ஒற்றைப் பெண். பிறகு ஐயாவும் வீட்டம்மாவும் ஊருக்குப் போய், தாயை இழந்த ஓர் அண்ணனையும் தங்கையையும் தத்தெடுத்துக் கூட்டிவந்தார்கள்.

வந்ததிலிருந்து அந்தப் பிள்ளைகள் வீட்டம்மாவை ஒருமுறைகூட வாய்விட்டுக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அவள் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பார்கள்.

போன வாரம் மின்சூ மாடிப்படியில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். அழ வாயைத் திறந்தான். யாரைக் கூப்பிட்டு அழுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டான். அன்று வீட்டம்மா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்போது நாரி கேட்டதும், "ஓ..." என்று ஆரம்பித்தான் மின்சூ.

நாரி விரலை ஆட்டினாள். "அது வேணாம். அம்மா."

அவர்கள் பாஷையிலும் தாய்க்கு ஏறக்குறைய நம் சொல்தான். உதட்டைக் குவித்து 'ஓம்மா' என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வந்த புதிதில் நாரி அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டு, குழந்தை கெட்ட வார்த்தை பேசுகிறது என்று வாட்ச்மேன் நாகப்பன் காதைப் பொத்திக்கொண்டார். விஷயம் தெரிந்த பிறகும் அவர் அவளை விடவில்லை. 'நாரி' என்ற பேரை 'நரி' என்று சுருக்கி வைத்துக்கொண்டார்.

கேட்டில் கீரைக்காரி தாயாரம்மாளின் குரல் கேட்டது. நாரி இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"கூப்புடு."

"அம்மா, கீரை," என்றான் மின்சூ.

"இன்னாடா கண்ணு, எத்தினி கட்டு?" என்றாள் தாயாரம்மாள்.

சோராவும் ஒருதரம் சொன்னாள். அந்த நேரம் பார்த்து, எதிர் காலிமனையில் கட்டியிருந்த மாடு கழுத்தை நீட்டி, "ம்மா" என்றது. நாரி மாட்டைக் காட்டி அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். பிள்ளைகள் இரண்டும் சிரித்துவிட்டன.

நாகப்பன் சமையலறை ஜன்னலுக்கு வந்தார். "பாத்தியா நரி வேலைய? ஓம்மாவத் தனக்குனு பத்திரமா எடுத்து வச்சிகினு, அதுங்களுக்கு அம்மாவாம். நாம கூப்புடற அம்மா. வேலைக்காரங்க அம்மா."

"சின்னப் புள்ளண்ணே அது."

"சின்னப் புள்ளதான். மூள மட்டும் பெருசு."

ஞானம்மாவுக்குச் சுருக்கென்றது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூக்கி வளர்த்த பெண்ணுக்கா இந்தப் புத்தி?

சாயங்காலம் வீட்டம்மா சென்னை போய்விட்டுக் காரில் வந்து இறங்கினாள். மின்சூ கேட்டுக்கு ஓடினான். நாகப்பனுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்று, அவரைப் போலவே ஒரு சலாம் வைத்தான்.

"வணக்கம்மா."

பின்னாலேயே வந்த சோரா, தான் கற்ற பாடத்தை ஒரு எழுத்தும் பிசகாமல் ஒப்பித்தாள்.

"அம்மா, கீரை."

வீட்டம்மாவின் கையிலிருந்த பைகள் நழுவின. நடைபாதையிலேயே உட்கார்ந்து, இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஆப்பிள்கள் உருண்டு காருக்கு அடியில் போயின. பொறுக்கவேண்டிய நாகப்பன் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நாரி மட்டும் அங்கே நிற்கவில்லை. சமையலறைக்குள் வந்து ஒரு வெள்ளரிப் பிஞ்சை எடுத்துக் கடித்தாள்.

ஞானம்மாவால் அடக்க முடியவில்லை. "பாப்பா, உன்னாண்ட ஒண்ணு கேக்கறேன். உனக்குனா ஓம்மா, அதுங்களுக்குனா அம்மாவா? அதுங்களும் இந்த வூட்டுப் புள்ளைங்கதானே?"

நாரி மென்றுகொண்டே யோசித்தாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஞானம்மாவிடமும் நாகப்பனிடமும் கற்ற தமிழ்தான்.

"அவங்களுக்கு ஓம்மா ஒருத்தங்க இருந்தாங்க, ஞானம்மா. செத்துட்டாங்க. அந்தப் பேர எடுத்து வேற ஆளுக்குக் குடுனா, எப்டிக் குடுப்பாங்க?"

ஞானம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மானா கஷ்டமே இல்ல. கீரைக்காரங்க அம்மா, நீ அம்மா, மாடுகூட அம்மானுதான் கத்துது. இந்த ஊர்ல யார வேணா அம்மானு கூப்புடலாம், உங்க ஓம்மா கோச்சிக்க மாட்டாங்கனு சொன்னேன்."

அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்தது. ஞானம்மா அதைக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் நாகப்பன் போட்ட முள் இன்னும் உள்ளே குத்தியது.

"எல்லாம் சரி பாப்பா. நீ மட்டும் ஓம்மா ஓம்மானு..."

"நான் எங்க கூப்புட்டேன்?" நாரி வெள்ளரிக் காம்பைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "அவங்க வந்த மொத நாள் கூப்புட்டேன். மின்சூ காதைப் பொத்திக்கினான். அன்னைலேந்து நானும் அம்மாதான். ரெண்டு மாசமா உன் காதுல வுழவே இல்லியா?"