பூட்டிய சர்க்கரை

ரெஜினாவுக்குக் கை நடுங்கியது, நைட்டி வியர்வையில் நனைந்துவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது என்று கணவர் தேவசகாயத்துக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அவள் கையில் ஒட்டியிருந்த சென்சார் சர்க்கரை முந்நூறு, மிக அதிகம் என்று காட்டியது. சென்சார் சொல்வதை மட்டுமே கேட்கும் சமையலறை அலமாரி திறக்க மறுத்தது.

"இனிப்புக்கு அனுமதி இல்லை" என்றது.

"அவ செத்துருவா, திற!" என்று கத்தினார். திறக்கவில்லை. அம்மிக் குழவியால் கதவை உடைத்து, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். மெல்ல நடுக்கம் நின்றது.

உடனே சென்னையிலிருந்து மகன் பெனடிக்ட் போன் செய்தான். "அப்பா, என் போன்ல முந்நூறு காட்டுது, அலமாரிய உடைச்சதாவும் வருது, அம்மாவுக்கு ஏன் சர்க்கரை கொடுத்தீங்க?"

ரெஜினா போனை வாங்கினாள். "நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா மக்கா?" என்றபடியே சென்சாரைப் பிய்த்து எறிந்தாள்.

"அய்யோ, அம்மா! உங்க ரீடிங் வரலையே!" என்று பதறினான் மகன்.